ஆளுக்கொரு ரிவெர்ப் எதற்கு சாமி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சண்டைப் பதிவு. மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வாசிக்கும் கல்லூரிக் குழுக்கள் மேல் எனக்கு ஒரு பெரிய புகார் இருக்கிறது. எங்கள் குழுவிலேயே எனக்கு எதிர்க்கட்சி உண்டு, அவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

புகார் இதுதான். ரிவெர்ப், டிலே மாதிரியான எஃபெக்டுகளை ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக மாட்டாதீர்கள். ஒன்றோ இரண்டோ பொதுவில் வையுங்கள். வாத்தியம், குரல் எல்லாம் அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

"பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று கேட்பவர்களுக்கு: பொதுச் செலவை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் பாதி. எனவே இது என் ஏரியாதான் :-)

சாம்பார் அண்டா

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம்.

ஏபிள்டன் லைவ், மெயின்ஸ்டேஜ், கிக் பெர்ஃபார்மர், கேன்டபைல் என்று மேடைக்கான மென்பொருள்கள் பல உண்டு. கீபோர்ட், மைக், கிட்டார், வயலின் எல்லாவற்றையும் லேப்டாப்புக்குள் கொண்டுவந்து, மெருகேற்றி, ஸ்பீக்கருக்கு அனுப்புவது இவற்றின் வேலை. எஃபெக்ட் சேர்க்க இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, இன்சர்ட். ஒலி வருகிற குழாயை வெட்டி நடுவில் எஃபெக்டைப் பொருத்துவது. உள்ளே போகும் ஒலி முழுக்க அதன் வழியாகத்தான் வெளியே வரவேண்டும்.

இன்னொன்று, சென்ட். குழாய் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு கிளை எடுத்து, தனியாக இருக்கும் ஒரு பொது எஃபெக்டுக்குக் கொஞ்சம் அனுப்புவது. அந்த எஃபெக்டிலிருந்து வருவது தனி ஃபேடரில் வந்து கடைசியில் எல்லாவற்றோடும் கலக்கும். இந்தப் பொது இடத்தை லைவில் ரிட்டர்ன் ட்ராக் என்கிறார்கள், மெயின்ஸ்டேஜில் ஆக்ஸ் என்கிறார்கள். பெயர்தான் வேறு.

ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 200 பேர் சாப்பிடுகிறார்கள், சாம்பார் அண்டா ஒன்றுதான். யார் தட்டில் எத்தனை கரண்டி என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அந்தக் கரண்டிதான் சென்ட். இன்சர்ட் கோஷ்டி என்ன செய்கிறது? 200 பேருக்கும் ரூமில் தனித்தனி அடுப்பு வைத்துக் கொடுத்து, "அவனவன் சாம்பாரை அவனவனே வெச்சுக்கட்டும், அதுதான் சுதந்திரம்" என்கிறது. கேஸ் செலவை விடுங்கள். உப்பு அதிகம் என்று ஒருநாள் தெரிந்தால் 200 அறைக் கதவையும் யார் போய்த் தட்டுவது?

270 கிலோ எடையில் ஒரு ரிவெர்ப்

ரிவெர்ப் என்பதே பிறவியில் பொதுச்சொத்து. பழைய ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் எக்கோ சேம்பர் என்று ஒரு காலி அறை இருக்கும். உள்ளே ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். பாடகர் குரலில் கொஞ்சத்தை அந்த அறைக்கு அனுப்பி, அங்கே எழும் எதிரொலியை மைக்கில் பிடித்து, பாட்டோடு கலப்பார்கள். லண்டன் அபே ரோடில் அப்படி ஓர் அறை உண்டு. ஹாலிவுட்டில் 1956-ல் எழுந்த கேபிடல் ரெக்கார்ட்ஸ் கட்டடத்துக்குக் கீழே பூமிக்கடியில் அதற்கென்றே அறைகள் கட்டினார்கள். வயலினுக்கு ஒரு கட்டடம், ட்ரம்ஸுக்கு ஒரு கட்டடம் என்று எவன் கட்டுவான்? பத்து வாத்தியமும் ஒரே அறைக்குத்தான் போயாக வேண்டும்.

1957-ல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் இ.எம்.டி. 140 என்ற பிளேட் ரிவெர்பைக் கொண்டுவந்தது. சுமார் 2 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு, அதை அதிரவைக்க ஒரு கருவி, அதிர்வைப் பிடிக்க ஒரு கருவி. பெட்டியோடு சேர்த்தால் ஏறத்தாழ 270 கிலோ. ஒரு தனி அறைக்கு இது எவ்வளவோ தேவலாம் என்பதால் ஸ்டுடியோக்கள் அள்ளிக்கொண்டன. ஆனாலும் சேனலுக்கு ஒன்றாக வாங்க முடியாது. எல்லோரும் பங்கு போட்டார்கள்.

இந்தப் பற்றாக்குறை தெரிந்தோ தெரியாமலோ ஒரு நல்லது செய்தது. அந்தக் கால ரெக்கார்டில் பாடகரும் வயலின்காரரும் ட்ரம்மரும் ஒரே இடத்தில் இருப்பது போலக் கேட்கும். எல்லோருடைய எதிரொலியும் ஒரே அறையிலிருந்து, ஒரே தகட்டிலிருந்து வருகிறதே!

இப்போது 270 கிலோ தகடு ஒரு ப்ளக்-இன் ஆகிவிட்டது. காப்பி, பேஸ்ட். காசு கிடையாது. எனவே 11 சேனல் இருந்தால் 11 ரிவெர்ப். எங்கள் பாஷையில் சொன்னால், மார்ஜினல் காஸ்ட் பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டு வாங்கிக் குவிக்கிறார்கள். பூஜ்யம் இல்லை மக்களே. பில் மேடையில்தான் வரும்.

எட்டாம் வகுப்புக் கணக்கு

இன்சர்ட் கோஷ்டியிடம் நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று: உங்கள் 11 ரிவெர்பும் ஒரே செட்டிங்கா, வேறு வேறு செட்டிங்கா?

"ஒரே செட்டிங்தான், எல்லாத்துக்கும் அதே ஹால்" என்றால், எட்டாம் வகுப்பில் பங்கீட்டுப் பண்பு என்று ஒன்று படித்தோமே, அதை ஞாபகப்படுத்துகிறேன். அ-வை க-வால் பெருக்கி, ஆ-வை க-வால் பெருக்கிக் கூட்டினாலும், அ-வையும் ஆ-வையும் முதலில் கூட்டிவிட்டு ஒரே தடவை க-வால் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். கன்வல்யூஷன் ரிவெர்ப் இந்த விதிக்கு அப்படியே அடங்கும். 11 ஒலிக்கும் ஒரே எதிரொலியைத் தனித்தனியாகப் போட்டுச் சேர்த்தாலும், 11-ஐயும் சேர்த்து ஒரு தடவை போட்டாலும் காதுக்கு வருவது ஒரே ஒலி. நீங்கள் லேப்டாப்பை 11 மடங்கு வேலை வாங்கி, கூடுதலாகச் சம்பாதித்தது ஒன்றுமில்லை.

"இல்லை, ஒவ்வொண்ணும் வேற வேற செட்டிங்" என்றால் இன்னும் மோசம். பாடகி தேவாலயத்தில் நிற்கிறாள், கிட்டார்காரன் பாத்ரூமில் நிற்கிறான், கீபோர்ட் ஏதோ மலைக்குகைக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றையும் சோலோவில் கேட்டால் ஜோராக இருக்கும். சேர்த்துக் கேட்டால் கூழ். முதலில் காணாமல் போவது பாட்டு வரிதான். எதிரொலியில் சுமார் 50 மில்லி விநாடிக்குள் வருவதைக் காது மூல ஒலியோடு சேர்த்துக்கொள்ளும், அது பேச்சுக்குத் துணைதான். அதற்குப் பின்னால் வந்து குவியும் வால்தான் அடுத்த எழுத்தின் மேல் ஏறி உட்காருகிறது. தமிழில் ஓர் எழுத்து மாறினால் சொல்லே போயிற்று. "பட்டு" என்று பாடினாளா "பாட்டு" என்று பாடினாளா என்று முன்வரிசை யோசிக்க ஆரம்பித்தால் பாட்டு முடிந்த மாதிரிதான்.

ஆக ஒரே செட்டிங் என்றால் வீண் செலவு, வேறு செட்டிங் என்றால் கூழ். நடுவில் தப்பிக்க ஒரு சின்ன சந்து இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாதம் 1: "இப்பல்லாம் லேப்டாப் தாங்கும் மச்சி"

யாருடைய லேப்டாப்?

மேடையில் 48,000 சாம்பிள் வேகத்தில், 128 சாம்பிள் பஃபரில் ஓட்டுகிறோம் என்று வையுங்கள். 128-ஐ 48,000-ஆல் வகுத்தால் சுமார் 2.67 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் எல்லா வாத்தியம், எல்லா எஃபெக்ட் கணக்கையும் லேப்டாப் முடித்துக் கொடுத்துவிட வேண்டும். விநாடிக்கு 375 தடவை இந்தப் பரீட்சை. ஒரு தடவை பேப்பரைத் தாமதமாகக் கொடுத்தாலும் ஸ்பீக்கரில் "டப்". சராசரியாக 60 சதவீதம்தான் வேலை ஓடுகிறது என்பதெல்லாம் ஆறுதல் இல்லை. வைஃபை தேடுகிறேன், அப்டேட் பார்க்கிறேன் என்று சிஸ்டம் ஒரு நொடி எட்டிப் பார்த்தாலே தவறிவிடும். பஃபரை 512 ஆக்கினால் தப்பிக்கலாம்தான். அப்போது ஒரு பஃபருக்கே 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது, உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்தால் இன்னும் கூடும். மைக்கில் பாடுகிறவருக்குத் தன் குரலே பின்னால் நடந்து வருவது போல இருக்கும்.

கன்வல்யூஷன் ரிவெர்புக்கு வருவோம். 3 விநாடி எதிரொலி என்றால் 144,000 சாம்பிள். எத்தனை குறுக்குவழிக் கணக்குப் போட்டாலும் அது இலவசமாக நடப்பதில்லை. அதை 11 தடவை செய்யச் சொல்கிறீர்கள்.

இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். எங்கள் குழுவில் ஒரு முதலாம் ஆண்டுப் பையன் கீபோர்ட் வாசிக்கிறான். கை சுத்தம். அவனிடம் இருப்பது அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப், 4 ஜி.பி. மெமரி. சீனியர்கள் பென் டிரைவில் கொடுத்த ஃபைலைத் திறந்தால் படபடவென்று வெடிக்கிறது. "வேற லேப்டாப் வாங்கிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஃபீஸ் கட்டவே கல்விக் கடன் வாங்கிய வீடு அது.

அந்த ஃபைலைத் திறந்து எண்ணினோம். 11 சேனல், 11 கன்வல்யூஷன் ரிவெர்ப், அதில் 8 ஒரே ப்ரீசெட். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டே இரண்டு ரிட்டர்ன் போட்டோம். ஒரு ரிவெர்ப், ஒரு டிலே. அதே லேப்டாப்பில் அதே 128 பஃபரில் வெடிப்பு நின்றுவிட்டது. ஒரு சோம்பேறி ஃபைலுக்காக ஒருத்தனை மேடையிலிருந்தே இறக்கப் பார்த்தோமே, இதற்குப் பெயர் டெக்னாலஜியா?

வாதம் 2: "பேட்சோட சேர்த்து சேவ் ஆயிடும், மண்டை காய வேண்டாம்"

இது கொஞ்சம் மரியாதையான வாதம். மெயின்ஸ்டேஜ் மாதிரி மென்பொருளில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பேட்ச். தேர்ந்தெடுக்காத பேட்ச் ஓய்வில் இருக்கும் என்பதால் 40 பாட்டுக்கு 40 ரிவெர்ப் வைத்தாலும் சி.பி.யு. அலறாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பேட்ச் மாறும்போது என்ன ஆகிறது? பல்லவியில் பியானோ, சரணத்தில் ஸ்ட்ரிங்ஸ். பியானோவின் கடைசி ஸ்வரம் இன்னும் மறைந்துகொண்டிருக்கிறது, நீங்கள் அடுத்த பேட்சை அழுத்துகிறீர்கள். ரிவெர்ப் பழைய பேட்சுக்குள் இருந்தால், அதன் வாலை மென்பொருள் காப்பாற்றிவைத்தால் உண்டு, இல்லாவிட்டால் கத்தரித்த மாதிரி நின்றுவிடும். அடுத்த பேட்சின் ரிவெர்போ காலியாக ஆரம்பிக்கும். ஒரு பாட்டுக்கு நடுவில் திடீரென்று வேறு ஹாலுக்குக் குடிபோன மாதிரி இருக்கும். பொது எஃபெக்டாக இருந்தால் பேட்ச் வரும், போகும், எதிரொலி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மென்பொருள் செய்தவர்களே இதற்காகத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மெயின்ஸ்டேஜில் கான்சர்ட் நிலை, கிக் பெர்ஃபார்மரில் குளோபல் ராக்ஸ்பேஸ், கேன்டபைலில் பேக்கிரவுண்ட் ராக். கட்டிக் கொடுத்த வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு வாசலில் படுப்பானேன்?

வாதம் 3: "பொதுவா ஒண்ணு வெச்சா, அது போனா எல்லாம் போச்சே"

இல்லை, இங்கேதான் தலைகீழ். இன்சர்ட் ரிவெர்ப் ஊமையானால் அந்த வாத்தியமே ஊமை, ஏனென்றால் ஒலி அதன் வழியாகத்தான் வரவேண்டும். சென்டில் மூல ஒலி தன் வழியில் நேராக ஓடுகிறது. பொது ரிவெர்ப் படுத்துவிட்டால் எதிரொலி போகும், பாட்டு போகாது. சாம்பார் தீர்ந்துபோனாலும் சோறு தட்டில் இருக்கும். தயிர் ஊற்றிச் சமாளித்துவிடலாம்.

ஹாலை யார் கேட்டது?

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் இனிமேல்தான்.

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். ஃபாக் மியூசியத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை, என்னவென்று பார் என்று. காலி அரங்கில் ஒலி அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆயிற்று. ஒரு ஆர்கன் குழாய், ஒரு நேரக்கருவி, பக்கத்து அரங்கிலிருந்து கடன் வாங்கிய இருக்கை மெத்தைகள். இவற்றை வைத்துக்கொண்டு இரவு இரவாக அளந்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. அறையின் கொள்ளளவு, அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவு, இந்த இரண்டையும் வைத்து எதிரொலி நேரத்தைக் கணக்கிடலாம் என்று கண்டுபிடித்தார். மனித உடம்பும் ஒலியை உறிஞ்சும். எனவே காலி அரங்கு வேறு, நிரம்பிய அரங்கு வேறு.

இதை நம் ஆடிட்டோரியத்துக்குக் கொண்டுவாருங்கள். சிமென்ட் சுவர், கடப்பாக்கல் தரை, தகரமோ கான்கிரீட்டோ கூரை. அங்கே ஏற்கெனவே ஒரு ரிவெர்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை அணைக்க பட்டன் கிடையாது. மதியம் சவுண்ட் செக்கில் காலி ஹால். சாயங்காலம் ஆயிரம் பேர். வேறு ஊர்க் கல்லூரிக்குப் போனால் திறந்தவெளி மைதானம், அங்கே எதிரொலியே இருக்காது. அறையில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு நீங்கள் செதுக்கிய ரிவெர்ப் அளவு இந்த மூன்றில் எதற்கும் பொருந்தாது. மேடையில் நின்று மாற்றியாக வேண்டும். கல்ச்சுரல்ஸில் ஒரு குழுவுக்குக் கிடைக்கும் சவுண்ட் செக் பத்து நிமிடம், அதில் ஐந்து நிமிடம் வயர் தேடுவதிலேயே போய்விடும்.

பொது ரிவெர்ப் என்றால் ஒரு ஃபேடர். ஹால் எக்கோ அடிக்கிறதா, ஒரு விரலால் இறக்கு. மைதானமா, ஏற்று. வாத்தியங்களுக்கு இடையே நீங்கள் வைத்த விகிதம் மாறாது, மொத்த அளவு மட்டும் மாறும். 11 இன்சர்ட் என்றால் 11 ஜன்னலைத் திறந்து, 11 டிரை-வெட் குமிழைத் திருகவேண்டும். பேட்சுக்குள் இருந்தால் 40 பாட்டுக்கும் அதே கதை. யாரும் செய்வதில்லை. கூழாகவே வாசித்துவிட்டு, இறங்கி வந்து "மைக் செட் சரியில்ல" என்று சவுண்ட் அண்ணன் தலையில் கட்டுகிறார்கள்.

அந்த அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மூர் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரிக்கு மைக் செட் போடுகிறாரே, அவர் மிக்சரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளேயே ஒரு எஃபெக்ட் இருக்கும், ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு எஃபெக்ட் சென்ட் குமிழ் இருக்கும், கடைசியில் ஒரே ரிட்டர்ன். பாட்டு வந்தால் எக்கோவை ஏற்றுவார். அறிவிப்பாளர் பேச வந்தால் ஒரே இழுப்பில் இறக்குவார். நம் லேப்டாப் மேதைகளுக்குத் தெரியாத சிக்னல் ஃப்ளோ அவர் விரலுக்குத் தெரியும்.

எக்கோவை வாசித்த மனிதர்

பொது எஃபெக்ட் என்றால் சிக்கனம், சமாளிப்பு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவே ஒரு வாத்தியம். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1970-களில் கிங் டப்பி என்றொருவர் இருந்தார். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்காரர், சவுண்ட் சிஸ்டம் நடத்தியவர். ஏற்கெனவே பதிவான ரெகே பாட்டுகளை எடுத்துத் தன் சின்ன ஸ்டுடியோவில் மறுபடி மிக்ஸ் செய்வார். குரலை வெட்டுவார், ட்ரம்ஸும் பேஸும் மட்டும் ஓடும். திடீரென்று ஒரு சொல்லை மட்டும் எக்கோவுக்குத் தள்ளுவார், அது சுழன்று சுழன்று தேயும். அதற்குள் ஸ்நேர் அடி ஒன்று ரிவெர்புக்குள் போய் வெடிக்கும். டப் என்ற இசைவகை வளர்ந்த பட்டறைகளில் அவருடையது முக்கியமானது. மிக்சரையே அவர் வாசித்தார் என்று சொல்வார்கள்.

இதை இன்சர்ட் வைத்து முயன்று பாருங்கள். எக்கோவை ஆன் செய்தால் எல்லாச் சொல்லும் எக்கோவாகும், ஆஃப் செய்தால் பல நேரம் வாலும் சேர்ந்து அறுந்துபோகும். சென்டில் ஒரு சொல்லுக்கு மட்டும் குமிழைத் திருப்பி மூடிவிடலாம். போன சொல் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், வரும் சொல் சுத்தமாக வரும். பல்லவியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் இப்படிச் செய்து பாருங்கள், கூட்டம் எழுந்து நிற்கும்.

சரி, தனியாக எதை வைக்கலாம்?

மேலே சொன்ன சந்து இதுதான். கம்ப்ரஸர், ஈக்யூ, டிஸ்டார்ஷன் இவையெல்லாம் இன்சர்ட்தான், சந்தேகமே வேண்டாம். அவை ஒலியை மாற்றுகின்றன. ரிவெர்பும் டிலேயும் ஒலியோடு வேறொன்றைச் சேர்க்கின்றன. சேர்ப்பது பொதுவில் இருக்கலாம், மாற்றுவது வீட்டுக்குள் இருக்கவேண்டும்.

ரிவெர்பிலும் விதிவிலக்கு உண்டு. கிட்டார் ஆம்பின் ஸ்பிரிங் ரிவெர்ப் அந்த டோனின் அங்கம். 80-களின் பாணியில் ஸ்நேர் ட்ரம்முக்கு வெட்டுப்பட்ட ரிவெர்ப் வேண்டுமென்றால் அதைத் தனியாகத்தான் வைக்கவேண்டும். நான் வைத்திருக்கும் சோதனை இது: அந்த எஃபெக்டை எடுத்துவிட்டால் வாத்தியமே வேறு ஆளாகிவிடுமா? ஆமாம் என்றால் இன்சர்ட். இல்லை, கொஞ்சம் வறட்சியாக மட்டும் இருக்கும் என்றால் பொது.

செய்ய வேண்டியது

லைவில் புது செட் திறந்தாலே பொதுவாக ஏ, பி என்று இரண்டு ரிட்டர்ன் ட்ராக்குகள் ரிவெர்ப், டிலேயோடு காத்திருக்கும். கூடுதலாக வேண்டுமென்றால் விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட், டி. மெயின்ஸ்டேஜில் ஆக்ஸைப் பேட்சுக்குள் வைக்காமல் கான்சர்ட் நிலையில் வையுங்கள், ஒவ்வொரு பேட்சிலிருந்தும் அந்த பஸ்ஸுக்கு சென்ட் கொடுங்கள். அப்புறம் இவற்றைக் கவனியுங்கள்:

1. பொது ரிவெர்பில் டிரை-வெட் 100 சதவீதம் வெட். சாம்பார் அண்டாவுக்குள் சோறு இருக்கக் கூடாது. இருந்தால் மூல ஒலி இரண்டு வழியில் வந்து சத்தம் கூடும், நேரம் சற்றுத் தவறினால் ஒன்றை ஒன்று தின்று ஒலி ஓட்டையாகும்.

2. சென்ட் போஸ்ட்-ஃபேடராக இருக்கட்டும். ப்ரீ-ஃபேடராக இருந்தால், பாடகியின் ஃபேடரை இறக்கிய பிறகும் அவள் எதிரொலி மட்டும் பேய் மாதிரி பாடிக்கொண்டிருக்கும்.

3. பேஸுக்கும் கிக் ட்ரம்முக்கும் சென்ட் பூஜ்யம். ரிட்டர்னில் ஒரு ஈக்யூ போட்டு 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பாதிக் கூழ் அங்கேயே காலி.

4. ரிவெர்பில் ப்ரீ-டிலே 20, 30 மில்லி விநாடி வையுங்கள். சொல் முதலில் வரும், எதிரொலி பின்னால் வரும்.

5. டிலே ரிட்டர்னை அதற்கே திருப்பி அனுப்பாதீர்கள். சத்தம் சுற்றிச் சுற்றி ஏறி ஸ்பீக்கரைப் பதம் பார்த்துவிடும். லைவ் இதை முன்னிருப்பாகவே தடுத்து வைத்திருக்கிறது, ஆர்வக்கோளாறில் திறந்துவிட வேண்டாம்.

6. குரல் மைக் நேராக சவுண்ட் அண்ணன் மிக்சருக்குப் போகிறது என்றால், குரலுக்கு எக்கோ யார் கையில் என்று அவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவர் ஒன்று, நீங்கள் ஒன்று என்று இரண்டு அண்டா வேண்டாம்.

7. இரண்டு ரிட்டர்ன் ஃபேடரையும் கையருகே இருக்கும் நிஜக் குமிழுக்கோ ஸ்லைடருக்கோ மேப் செய்துவிடுங்கள். மௌஸ் தேடும் நேரத்தில் பாட்டு முடிந்துவிடும்.

சீனியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பென் டிரைவில் அடுத்த செட்டுக்கு ஃபைல் கைமாற்றும் முன் ஒரு மணிநேரம் செலவழித்து உள்ளே இருக்கும் ரிவெர்புகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு, மூன்றுக்கு மேல் இருந்தால் சுத்தம் செய்து கொடுங்கள். வரப்போகிற பையனின் லேப்டாப் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியாது. அவன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், டாஸ்க் மேனேஜரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

எதிர்க்கட்சி நண்பர்கள் அடுத்த ப்ராக்டிஸுக்கு 11 ரிவெர்ப் ஃபைலைக் கொண்டுவரலாம், நான் 2 ரிவெர்ப் ஃபைலைக் கொண்டுவருகிறேன். அதே பாட்டு, அதே ஹால். பாட்டு வரி தெரியாத ஒருவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து, காதில் விழுவதை எழுதச் சொல்வோம். யாருடைய ஃபைலில் அதிக வரி சரியாக வருகிறதோ அதைக் குழுவின் ஃபைலாக வைத்துக்கொள்வோம். தோற்பவர் டீ செலவு.

டிஸ்கி: நான் சவுண்ட் இன்ஜினியர் இல்லை. பேலன்ஸ் ஷீட்டில் 11 இடத்தில் ஒரே செலவு எழுதியிருந்தால் சந்தேகப்படச் சொல்லித்தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.